செடித் தொட்டிக்கு அடிமண்: பையைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

செடி வைத்த மீன் தொட்டி போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த சாயில் நல்லது?" என்பதுதான். கடைக்காரரும் ஒரு பையை எடுத்து நீட்டிவிடுவார். ஆனால் அதற்கு முன்பே விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டுத் தண்ணீரின் கேஎச் எவ்வளவு? கேஎச் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு. இது தெரியாமல் வாங்கும் அக்வா சாயில் (செடித் தொட்டிக்கென்றே விற்கும் குருணை மண்), சென்னையிலும் சேலத்திலும் கோவையிலும் பலருக்கு வீண்செலவாகத்தான் முடிகிறது.

கேஎச் பார்க்கச் சொட்டு மருந்து கிட் போதும். 5 மி.லி. தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, நீலம் மஞ்சளாக மாறும்வரை எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. டிடிஎஸ் மொத்தக் கரைபொருளைக் காட்டும்; அதில் உப்பு எவ்வளவு, கார்பனேட் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.

கேஎச் 4 அல்லது அதற்குக் கீழே என்றால் எந்த அடிமண்ணையும் தேர்வு செய்யலாம். 5 முதல் 8 வரை என்றால் யோசித்துச் செய்ய வேண்டும். 10க்கு மேல் போனால், அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றப் போகிறீர்களா, ஆர்ஓ தண்ணீர் கலக்கப் போகிறீர்களா என்பதை முடிவு செய்த பிறகே அடிமண் பற்றிப் பேச வேண்டும். போர் தண்ணீரில் கேஎச் 12, 15 வருவது நம் ஊர்களில் சாதாரணம்.

இதற்குக் காரணம் அக்வா சாயில் வேலை செய்யும் விதம். ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோவின் ஏடிஏ நிறுவனம் 'அமேசோனியா' என்ற பெயரில் புகழ்பெறச் செய்தது இந்த வகை. இயற்கை மண்ணைச் சூட்டில் பதப்படுத்திக் குருணையாக்கியது. உள்ளே களிமண்ணும் மட்கிய பொருளும் இருக்கும். இவை தண்ணீரிலிருக்கும் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். அந்த ஹைட்ரஜன் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிப் பறந்துவிடும். கேஎச் இறங்கும், பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 6 முதல் 6.8க்குள் வந்து நிற்கும். கேஎச் குறைந்த மென்னீரில் இந்த வேலையை ஒரு வருடம், ஒன்றரை வருடம் செய்யும். கேஎச் 14 உள்ள தண்ணீரை வாரம் பாதித் தொட்டி மாற்றினால் ஒவ்வொரு முறையும் புதிதாக கார்பனேட் வந்து இறங்குகிறது. குருணையின் கொள்ளளவு ஓரிரு மாதத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்தின்போதும் பிஎச் 8க்கு ஏறி, அடுத்த சில நாளில் 6.5க்கு இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். மீனுக்கும் இறாலுக்கும் இந்த ஆட்டம் நிலையான கடின நீரைவிட மோசமானது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு பொறி இருக்கிறது. மாடியில் வாட்டர் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். குழாயில் வெள்ளைப் படிவு வராது, சோப்பு நன்றாக நுரைக்கும். அதனால் மென்னீர் என்று நினைத்துவிடுவோம். உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கேஎச் அப்படியே இருக்கும். ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தின் அளவு) சோதித்தால் பூஜ்ஜியம், கேஎச் சோதித்தால் 14 என்று காட்டும். செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் போய், வேண்டாத சோடியம் வந்து நிற்கிற தண்ணீர் அது. சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து பிடிக்க முடிந்தால் அதைப் பிடியுங்கள். முடியாவிட்டால் ஆர்ஓவுக்குப் போங்கள்.

ஆர்ஓ கலப்பதற்குக் கணக்கு எளிது. வேண்டிய கேஎச்சைக் குழாய்த் தண்ணீரின் கேஎச்சால் வகுத்தால் குழாய்த் தண்ணீரின் பங்கு வரும். 14 இருக்கிறது, 4 வேண்டும் என்றால் 4/14, அதாவது பத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு குழாய்த் தண்ணீர், ஏழு பங்கு ஆர்ஓ. 54 லிட்டர் தொட்டியில் வாரம் பாதி மாற்றினால் 27 லிட்டர். அதில் 19 லிட்டர் ஆர்ஓ. ஒவ்வொரு வாரமும் இது உங்களால் முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைநீரையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மொட்டைமாடி கழுவப்பட்ட பிறகு பிடித்த தண்ணீரில் கேஎச் மிகக் குறைவாக இருக்கும். சிமென்ட் தளத்தில் ஓடிவருவதால் ஒன்றிரண்டு டிகிரி ஏறியிருக்கலாம், அதையும் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

தண்ணீர் தெரிந்துவிட்டது. அடுத்தது செடி.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெஃபலாண்ட்ரா, மாஸ் எனப்படும் பாசிச் செடிகள் மட்டும்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் அடிமண் உங்களுக்கு அலங்காரம்தான். இவை கட்டையிலும் கல்லிலும் ஒட்டி வளர்பவை. உணவைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அனுபியாஸின் தண்டுக்கிழங்கை மண்ணுக்குள் புதைத்தால் அது அழுகி, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கும். இந்தச் செடிகளுக்காக விலையுயர்ந்த சாயில் வாங்க ஒரு காரணமும் இல்லை.

கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்ட், வாலிஸ்நேரியா, சஜிட்டேரியா, அல்லி, கொட்டி போன்றவை வேர் வழியாக நிறையச் சாப்பிடுபவை. நம் ஏரி, குளங்களில் அல்லியும் கொட்டியும் சேற்றில் எவ்வளவு ஆழமாக வேர் விட்டு நிற்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். இவற்றுக்கு வேர்ப் பகுதியில் சத்து இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது அக்வா சாயிலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாலிஸ்நேரியா கடின நீரிலிருக்கும் பைகார்பனேட்டையே கார்பனாகப் பயன்படுத்தத் தெரிந்த செடி. இலங்கைக் காட்டோடைகளைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வென்டியும் கடின நீரைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. போர் தண்ணீர்த் தொட்டிக்கு இவைதான் சரியான துணை.

ரோட்டாலா, லட்விஜியா, ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச் செடிகள் இரண்டு வழியிலும் எடுத்துக்கொள்ளும். இவற்றில் ஹைக்ரோஃபிலா எதையும் தாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை நீரோடைகளிலிருந்து வந்த ரோட்டாலா மக்ராண்ட்ரா அதற்கு நேர்மாறு. மென்னீர், கார்பன் டை ஆக்சைடு, சத்துள்ள மண் மூன்றும் இல்லாமல் சிவக்காது, சுருங்கிப்போகும். தரையில் கம்பளம்போலப் படரும் மான்டி கார்லோ, ஹேர்கிராஸ், ஹெச்சி கியூபா மூன்றுக்கும் அக்வா சாயில் உண்மையிலேயே பெரிய வித்தியாசத்தைத் தரும். சத்து மட்டும் காரணமில்லை. எடை குறைந்த சிறு குருணை அந்த மெல்லிய வேர்களைப் பிடித்துக்கொள்கிறது, வேர் எளிதாக ஊடுருவுகிறது.

ஆக, என் கருத்து இதுதான். மென்னீர் கிடைக்கும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்கப் போகிறேன், தரைச் செடியும் சிவப்புச் செடியும் வேண்டும் என்பவர்கள் அக்வா சாயில் வாங்குங்கள். போர் தண்ணீர்தான், ஆர்ஓ சுமக்க முடியாது என்பவர்கள் நல்ல மணலும், வேரடியில் புதைக்கும் உரமான வேர்க் குளிகையும் போடுங்கள். கைக்காசு குறைவு, கையில் பொறுமை இருக்கிறது என்பவர்களுக்கு, அடியில் தோட்ட மண்ணும் மேலே மணலும் போட்ட மண் தொட்டி.

மணல்

தொட்டி அடிமண்ணாக மணலை மட்டமாகப் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. குருணை அளவு சரியாக இருந்து, வேருக்குச் சத்து கொடுத்தால் கிரிப்டோகோரைனும் ஸ்வார்டும் மணலில் செழித்து வளரும். பல வருடம் தொடாமலும் இருக்கலாம். கரையாது, நொறுங்காது, தண்ணீரை மாற்றாது.

எல்லாம் குருணை அளவில்தான் இருக்கிறது. 1 முதல் 3 மி.மீ. வரை சிறந்தது. அரை மி.மீ.க்கும் கீழே போனால் மணல் இறுகும், நீர் உள்ளே நகராது. 5 மி.மீ.க்கு மேல் போனால் மிச்ச உணவும் கழிவும் இடுக்குகளில் இறங்கி அழுகும், சிறு செடி நிற்காமல் மிதந்து வரும்.

எங்கே வாங்குவது? தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் கடைகளில் பிரஷர் ஃபில்டருக்குள் போடும் மணல் கிடைக்கும். அது குவார்ட்ஸ், அளவு பார்த்துச் சலித்தது, சுண்ணாம்பு இருக்காது. 1-2 மி.மீ. அல்லது 2-4 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். மீன் கடையில் கிலோ கணக்கில் விற்கும் வண்ணக் கல்லைவிட இது எல்லா விதத்திலும் மேல். வண்ணக் கல்லில் சாயம் உரிவதும் உண்டு.

ஆற்று மணல் கையில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையின் கண் ஏறத்தாழ ஒரு மி.மீ. இருக்கும். அதில் சலித்து, மேலே தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பெரிய கல்லைக் கையால் பொறுக்கிவிடலாம். எம்-சாண்ட் உடைத்த கருங்கல்தான், தண்ணீரைக் கெடுக்காது. ஆனால் தூள் மிக அதிகம், பொடியும் பெருங்குருணையும் கலந்திருப்பதால் சிமென்ட் தளம்போல இறுகும், விளிம்பும் கூர்மை. தரையில் மூக்கை நுழைத்துத் தேடும் கோரிடோராஸ் மீன்களின் மீசை தேய்ந்துபோகும். எம்-சாண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடற்கரை மணலில் சிப்பித்தூளும் உப்பும் இருக்கும், வேண்டவே வேண்டாம். வெள்ளை மார்பிள் சில்லு முழுக்கச் சுண்ணாம்பு. கேஎச்சை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வினிகர் விட்டுப் பார்ப்பார்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருப்பது உறுதி. நுரைக்காவிட்டால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வினிகர் மிக மென்மையான அமிலம், டோலமைட் போன்ற கல்லில் கண்ணுக்குத் தெரியும்படி நுரை வராது. நம்பகமான வழி இது: கண்ணாடிக் குடுவையில் பாதிக்கு மணல், மீதிக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். பக்கத்தில் வெறும் ஆர்ஓ தண்ணீர் ஒரு குடுவை. வாரம் முடிந்து இரண்டின் கேஎச்சையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மணல் குடுவையில் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் அந்த மணல் மென்னீர்ச் செடிக்கு ஆகாது.

அளவுக் கணக்கு: நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 2 அடிக்கு 1 அடி தொட்டியில் (60 × 30 செ.மீ.) சராசரி 6 செ.மீ. ஆழத்துக்கு 10.8 லிட்டர் வேண்டும். மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ, ஆகவே 17 கிலோ. சலித்தும் கழுவியும் போனது போக மிஞ்ச வேண்டும் என்றால் 20 கிலோவுக்கு மேல் வாங்குங்கள். அக்வா சாயிலாக இருந்தால் 9 லிட்டர் பை ஒன்று இதே தொட்டியில் 5 செ.மீ. ஆழம் தரும். முன்பக்கம் 3-4 செ.மீ., பின்பக்கம் 8-10 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் பார்வைக்கும் ஆழம் தெரியும், பெரிய வேர்ச் செடிக்கும் இடம் கிடைக்கும். செங்குத்தான சரிவு சில வாரங்களில் சரிந்து தட்டையாகிவிடும். பின்பகுதியில் எரிமலைக் கல்லை வலைப்பையில் கட்டி அடியில் வைத்து, அதன்மேல் மண்ணைப் போட்டால் நிற்கும், மண்ணும் மிச்சம்.

மணலைக் கழுவும்போது ஒரே வாளியில் 17 கிலோவையும் கொட்டிவிட்டுக் கிளறுவதில் பயனில்லை. மூன்று மூன்று கிலோவாக எடுத்து, வாளியில் குழாய் நீர் பாய்ச்சிக்கொண்டே அடிவரை கையால் கிளறி, கலங்கல் நீரைச் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணீர் தெளியும்வரை செய்ய வேண்டும். அக்வா சாயிலை மட்டும் ஒருபோதும் கழுவாதீர்கள், குருணை கரைந்து சேறாகிவிடும்.

வேர்க் குளிகை

மணல் தொட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் குளிகை வாங்கலாம். வீட்டிலேயே செய்ய நினைத்தால், ஆஸ்மோகோட் போன்ற மெதுவாகக் கரையும் உரமணிகளும் மருந்துக்கடை ஜெலட்டின் குப்பியும் (காலி கேப்சூல்) போதும். குப்பியில் பாதிக்கு உரமணி, மீதிக்கு நன்றாகக் காய்ந்த செம்மண் பொடி. செம்மண்ணில் இரும்பு இருக்கிறது. களிமண் பகுதி, கரைந்து வரும் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்தக் குப்பிகளில் ஒரு தொல்லை உண்டு. உள்ளே காற்று அடைத்திருப்பதால் மணலுக்குள் அழுத்திவிட்டுக் கையை எடுத்த உடனே பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். குண்டூசியால் இரு முனையிலும் ஒரு ஓட்டை போடுங்கள். நீள இடுக்கியால் பிடித்து, தொட்டியின் அடிக்கண்ணாடியைத் தொடும்வரை இறக்கி, பத்து விநாடி அப்படியே வைத்திருங்கள். காற்றுக்குமிழ் வெளியே வரும். பிறகு இடுக்கியை அசைக்காமல் மெல்லத் திறந்து, சாய்வாக உருவுங்கள். மேலே இரண்டு விரல் மணல் மூடியிருக்க வேண்டும். மேலாக வைத்த குளிகை வெடித்து உரமணி சிதறினால் அமோனியா நேராகத் தண்ணீரில் கலக்கும். அடுத்த வாரமே கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி.

ஸ்வார்ட் ஒன்றுக்கு இரண்டு, கிரிப்டோகோரைன் புதர் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில், செடியின் தண்டிலிருந்து நான்கைந்து செ.மீ. தள்ளி வைக்கலாம். 2 அடித் தொட்டிக்கு ஆறு முதல் எட்டு குளிகை போதும். உர அட்டையில் 3-4 மாதம் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு 21 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. நம் ஊர்த் தொட்டியில் தண்ணீர் 29, 30 டிகிரியில் கிடக்கும், சத்து வேகமாக வெளியேறும். ஆகவே முதல்முறை குறைவாக வைத்து, இரண்டு மாதத்தில் செடியைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யுங்கள். புதிய இலை வெளிறியும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வந்தால் இரும்பு போதவில்லை. பழைய இலை மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் போதவில்லை. இறால் வளர்ப்பவர்கள் அளவை இன்னும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

மண் தொட்டி

வால்ஸ்டாட் முறை என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிய முறை இது. அடியில் தோட்ட மண், மேலே மணல் மூடி. செலவு மிகக் குறைவு. சரியாகச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமலே செடி பொங்கி வளரும். மண்ணிலுள்ள மட்கு சிதையும்போது அதுவே கார்பன் டை ஆக்சைடைக் கொடுக்கிறது.

நம் ஊரில் இது தோற்பதற்கு முதல் காரணம், நர்சரியில் விற்கும் கலவை மண். அதில் தேங்காய் நார்க் கழிவு, மாட்டெரு, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் கலந்திருக்கும். மாடித் தோட்டத்துக்கு அருமையானது, தொட்டிக்கு விஷம். வேப்பம் புண்ணாக்கு இறாலைக் கொல்லும், மீனுக்கும் ஆகாது. நார்க் கழிவு மிதந்து மணல் மூடியைக் கிழித்துக்கொண்டு வரும். மாட்டெரு அமோனியாவை அள்ளிக் கொட்டும். கரிசல் மண்ணும் வேண்டாம்: நனைந்தால் வீங்கும், உள்ளே சுக்கான் கட்டிகள் இருக்கும், அது சுண்ணாம்பு.

உரமோ பூச்சிமருந்தோ படாத செம்மண் அல்லது ஏரி வண்டல் மூன்று பங்கு, நன்கு மட்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. இதைத் தட்டில் கொட்டி, மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மிதப்பதை எல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீரை வடித்து வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனைத்து, மறுபடி காயவிட வேண்டும். மூன்று நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணுயிர்கள் எளிதில் அழுகும் பொருளைத் தின்று தீர்க்கின்றன, அமோனியா நைட்ரேட்டாக மாறுகிறது. கடைசியில் நனைந்த மண்ணை முகர்ந்தால் மழை பெய்த மண்வாசனை மட்டும் வர வேண்டும். சாணி வாசமோ புளித்த வாசமோ வந்தால் இன்னும் ஒரு சுற்று. வெளிநாட்டவர் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நம் சித்திரை வெயில் ஒரு சுற்றை இரண்டு மூன்று நாளில் முடித்துக் கொடுத்துவிடும்.

சலித்த மண் 2 முதல் 2.5 செ.மீ. ஆழம் போதும். 60 × 30 தொட்டிக்கு 4.5 லிட்டருக்கு மேல் வேண்டாம். அதன்மேல் 1-3 மி.மீ. மணல் 3 முதல் 4 செ.மீ. மூடியை மாவு மணலால் போட்டால் மண் மூச்சுத் திணறும். பெருங்கல்லால் போட்டால் மண் இடுக்கு வழியே மேலே வந்து கலங்கும். மண் அடுக்கைக் கண்ணாடி ஓரம்வரை கொண்டுபோகாமல் நாற்புறமும் 2 செ.மீ. விட்டு, அந்த இடத்தை மணலால் நிரப்பினால் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டு மண்ணில் பாசி பிடிக்காது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும்.

அதிகமாக மண் போடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வெப்பம். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9.1 மி.கி. வரை ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் அது 7.5 மட்டுமே. அதே நேரத்தில் சூட்டில் அழுகல் வேகமாக நடக்கிறது. குளிர்நாட்டு வீடியோவில் பார்த்த 5 செ.மீ. மண் இங்கே துர்நாற்றக் கிடங்காகிவிடும்.

அடிமண்ணுக்குள் நடப்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் வீண் பயம் போகும். மேல் அடுக்கில் ஆக்சிஜன் இருக்கும், ஆழத்தில் குறையும். குறைவது நல்லதுதான். ஆக்சிஜன் உள்ள இடத்தில் இரும்பு துருவாக, கரையாமல் கிடக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் வேர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறும். இன்னும் ஆழத்தில் ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அது அங்கே இருக்கும் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகி அடங்கிவிடும். கண்ணாடி வழியே தெரியும் கறுப்புத் திட்டு பெரும்பாலும் இதுதான். திட்டைப் பார்த்ததும் தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள். குச்சியால் குத்தும்போது வரும் குமிழியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், செடியைப் பிடுங்கிப் பார்க்கும்போது வேர் கறுத்துக் குழைந்திருந்தால், அப்போதுதான் சிக்கல். அந்த இடத்தில் மட்டும் மெல்லிய குச்சியால் நாளுக்கு இரண்டு மூன்று துளை போட்டு வாருங்கள், வேகமாக வேர் விடும் வாலிஸ்நேரியா ஒன்றை நடுங்கள். வேர் தன்னைச் சுற்றி ஆக்சிஜனைக் கசியவிடும். மலேசியன் ட்ரம்பெட் நத்தைகளும் மண்ணைக் கிளறும், ஆனால் பெருகிப் போகும், கணக்காக விடுங்கள்.

அக்வா சாயில்

இதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு முதல் மாதம்தான் முக்கியம். அமேசோனியா போன்ற சத்து மிகுந்த சாயில் முதல் சில வாரங்கள் அமோனியாவைக் கசியவிடும். ட்ராபிகா நிறுவனத்தின் சாயில் இந்த விஷயத்தில் சாதுவானது. முதல்முறை போடுபவர்களுக்கு நான் அந்த வகையைத்தான் சொல்வேன். தரைச் செடிக்குச் சிறு குருணை 'பவுடர்' வகை நல்லது. முழுத் தொட்டிக்கும் அதைப் போட்டால் சீக்கிரம் இறுகும். கீழே சாதாரணக் குருணை, மேலே 2 செ.மீ. மட்டும் பவுடர் என்று போடுங்கள்.

பையைக் காய்ந்தபடியே கொட்டி, சரிவு செய்து, கற்களையும் கட்டையையும் வைத்த பிறகு ஸ்பிரே பாட்டிலால் நனையுங்கள். மண்மட்டம் வரை மட்டும் தண்ணீர் ஊற்றி, அந்தச் சேற்றுப் பதத்தில் செடி நட வேண்டும். நட்டு முடித்ததும் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் மெல்லிய குழாயால் மிக மெதுவாக நிரப்புங்கள். 54 லிட்டருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டால் சரிவும் போகும், தண்ணீரும் காபி நிறத்துக்கு வரும்.

முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒருமுறை. நகராட்சித் தண்ணீராக இருந்தால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்ஜியம் காட்டும்வரை மீன் விடக்கூடாது. 4 முதல் 6 வாரம் ஆகலாம், ஏனென்றால் அமிலத் தண்ணீரில் நன்மை செய்யும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். பிஎச் 7க்குக் கீழே இருப்பதால் அமோனியாவில் பெரும்பகுதி விஷம் குறைந்த அமோனியமாக இருக்கிறது என்பது உண்மை. அந்த நேரத்தில் கேஎச் 14 தண்ணீரை மாற்றி ஊற்றிப் பிஎச் 8க்கு ஏறினால் அதே அமோனியம் விஷமாகத் திரும்பும். சாயில் தொட்டியில் மீன் ஒரே இரவில் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் வாரத்திலிருந்து கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பாக ஒரு படலம் வரும். டயாட்டம் பாசி, எந்த அடிமண்ணிலும் வரும், துடைத்தால் போய்விடும், தொட்டி முதிர்ந்ததும் தானாக நிற்கும். அதற்கு மருந்து ஊற்றாதீர்கள்.

மென்னீரிலும் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் சாயிலின் சத்தும் பிஎச் இறக்கும் வேலையும் முடிந்துபோகும். தூக்கிப் போட வேண்டியதில்லை. குருணை உடையாமல் இருக்கும்வரை மணல் தொட்டிபோலக் குளிகை வைத்துத் தொடரலாம். சத்தைப் பிடித்து வைக்கும் தன்மை அதற்கு அப்போதும் இருக்கும், மணலுக்கு அது கிடையாது. மென்னீர் வேண்டும் கேரிடினா வகை இறால் வளர்ப்பவர்களுக்கு மட்டும் பிஎச் ஏறத் தொடங்கியதும் மாற்றித்தான் ஆக வேண்டும். செர்ரி இறாலுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அதற்கு மணல் தொட்டியே நன்றாக ஒத்துவரும்.

எந்த அடிமண்ணாக இருந்தாலும் சைஃபன் குழாயை உள்ளே குத்தி அலசாதீர்கள். செடி உள்ள இடத்தில் மேற்பரப்புக்கு ஒரு விரல் மேலே பிடித்து, மிதக்கும் கழிவை மட்டும் உறிஞ்சினால் போதும். வேர் பிடித்த பெரிய ஸ்வார்டைப் பிடுங்கி இடம் மாற்றினால் அடியிலிருந்து சேறும் அமோனியாவும் கிளம்பும். இழுக்காமல், சுற்றிலும் வேரைக் கத்தரியால் வெட்டிவிட்டு மெல்லத் தூக்கி, அன்றே பாதித் தண்ணீர் மாற்றிவிடுங்கள். தொட்டியையே காலி செய்வதாக இருந்தால் மீனை முதலில் வேறு வாளிக்கு மாற்றிவிட்டு, பிறகுதான் மண்ணில் கை வைக்க வேண்டும். தண்ணீரும் மண்ணும் உள்ளே இருக்கும்போது தொட்டியைத் தூக்கக் கூடாது. 2 அடித் தொட்டிகூட நிரம்பிய நிலையில் 70 கிலோவைத் தாண்டும், அடிக்கண்ணாடி விரிசல் விடும். ஈர மணலைத் தட்டையான முறத்தாலோ பிளாஸ்டிக் டப்பாவாலோ அள்ளி எடுத்து, கழுவி வெயிலில் காயவைத்தால் அடுத்த தொட்டிக்கு அப்படியே பயன்படும்.